எந்தப் படத்துப் பாட்டு இது?

குட்டீஸ், குமராட்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்! சிதம்பரத்தில் பஸ் ஏறி, காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில் போனால் வழியில் வரும் ஊர். சுற்றிலும் வயல். தெற்கே கொள்ளிடம் ஆறு. அங்கேதான் என் மாமா வீடு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விடுமுறை கிடைத்தால் போதும், அங்கே ஓடிவிடுவேன்.

1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இந்தியா சுதந்திரம் அடைந்து 50 வருடம் ஆன பொன்விழா. மாமா வீட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு டி.வி. இருந்தது. கூரைக்கு மேலே மூங்கில் கம்பில் ஆண்டெனா கட்டியிருப்பார்கள். காற்று அடித்தால் ஆண்டெனா திரும்பிவிடும். உடனே திரையில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் ஓடும். யாராவது ஒரு பையன் மேலே ஏறித் திருப்ப வேண்டும். "தெரியுதா... தெரியுதா?" என்று அவன் கத்த, "இன்னும் கொஞ்சம் திருப்புடா" என்று கீழே இருப்பவர்கள் கத்த, அதுவே ஒரு பெரிய வேடிக்கை!

ஒரு நாள் அந்த டி.வி.யில் ஒரு பாட்டு வந்தது. பாலைவனம். நீளமான முடி வைத்த ஒரு இளைஞர். பெரிய மூவர்ணக் கொடி. விதவிதமான முகங்கள். தொண்டை கிழியும் அளவுக்கு உச்சத்தில் "வந்தே மாதரம்" என்று ஒரு குரல். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எந்தப் படம் தம்பி இது?"

"படம் இல்லைங்கண்ணே, ஆல்பம்" என்றேன்.

"படம் இல்லாம பாட்டு எப்படிடா வரும்?"

நியாயமான கேள்விதானே! தமிழ்நாட்டில் அப்போது பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. இல்லாவிட்டால் பக்திப் பாட்டு. கிராமியப் பாட்டு, கச்சேரிப் பாட்டு கேட்பவர்களும் இருந்தார்கள். ஆனால் டீக்கடையில் நாள் முழுவதும் ஓடுவது சினிமாப் பாட்டுதான். ஒரு பாட்டு ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்றால் அதைச் சுமந்து போக ஒரு சினிமா வேண்டும். தியேட்டரில் கதாநாயகன் வாயசைப்பார், வானொலியில் பாட்டு ஒலிக்கும், அப்புறம் கேசட் விற்கும். இதுதான் வழக்கம். சினிமாவே இல்லாமல் ஒரு பாட்டு குமராட்சி டீக்கடை வரைக்கும் வந்தது எப்படி? அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த நீள முடி இளைஞர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஏ.ஆர். ரஹ்மான்! பாட்டு, அவருடைய 'வந்தே மாதரம்' ஆல்பத்தில் வந்தது. இந்தியில் 'மா துஜே ஸலாம்' என்று பெயர். அம்மா, உனக்கு வணக்கம் என்று அர்த்தம். அதையே தமிழில் 'தாய் மண்ணே வணக்கம்' என்றும் அவர் பாடியிருக்கிறார்.

இசையமைப்பாளர் முகம் காட்டினார்

ரஹ்மான் 1967 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். அப்பா ஆர்.கே. சேகர், மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். ரஹ்மானுக்கு ஒன்பது வயது ஆனபோது அப்பா இறந்துவிட்டார். அப்பா வைத்திருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அம்மா குடும்பத்தை நடத்தினார். சின்ன வயதிலேயே ரஹ்மான் கீபோர்டு வாசிக்கப் போனார். உங்களில் பலர் அந்த வயதில் வீட்டுப்பாடம் எழுதவே முகத்தைச் சுளிக்கிறீர்கள், இல்லையா?

வளர்ந்த பிறகு விளம்பரங்களுக்கு இசை அமைத்தார். சோப்பு, காபி, வாட்ச் என்று டி.வி.யில் அரை நிமிடம் வந்து போகுமே, அதற்கெல்லாம் பின்னால் ஒரு குட்டி இசை இருக்கும். அதுதான். சென்னை கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு ஒலிப்பதிவுக் கூடமும் கட்டிக்கொண்டார். 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி 'ரோஜா' படம் வெளியானது. அதன் பிறகு அவரைத் தெரியாத வீடே இல்லை.

ஆனால் ஒரு விஷயம். அவருடைய பாட்டைத் தெரிந்த அளவுக்கு அவருடைய முகம் யாருக்கும் தெரியாது. இசையமைப்பாளர் திரைக்குப் பின்னால் இருப்பவர். அதுவும் ரஹ்மான் ரொம்பக் கூச்ச சுபாவம். 'பம்பாய்' போன்ற படங்களில் அவர் பாடியிருக்கிறார். ஆனாலும் பாடகர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்திப் பாட வைத்தவர் அவருடைய நண்பர் பரத்பாலா.

பரத்பாலா விளம்பரப் படங்கள் எடுப்பவர். ரஹ்மான் விளம்பரங்களுக்கு இசை அமைத்த காலத்திலேயே இருவரும் சேர்ந்து வேலை செய்தவர்கள். பரத்பாலாவின் அப்பா சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். 'வந்தே மாதரம்' என்ற சொல் அவர் காலத்து இளைஞர்களுக்கு எப்படி இருந்ததோ, அதே போல இந்தக் காலத்து இளைஞர்களுக்கும் ஆக வேண்டும் என்பது மகனுடைய ஆசை. பொன்விழா ஆண்டு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சோனி மியூசிக் நிறுவனம் ரஹ்மானோடு மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அதில் முதலாவதாக வந்ததுதான் 'வந்தே மாதரம்'.

அந்தப் பாட்டு பதிவான இரவைப் பற்றிப் பரத்பாலா சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது ரமலான் நோன்பு மாதம், 27ஆம் இரவு. முஸ்லிம்களுக்கு மிகவும் புனிதமான இரவு. நேரமோ இரவு 2 மணி! பாடிப் பதிவு செய்துவிடலாம் என்று ரஹ்மானுக்குத் தோன்றிவிட்டது. ஆனால் ஒலிப்பதிவு செய்யும் பொறியாளர் அங்கே இல்லை. "நீயே பதிவு செய்" என்று பரத்பாலாவை உட்கார வைத்துவிட்டு, ரஹ்மான் உள்ளே போய் மைக் முன்னால் நின்று பாடிவிட்டாராம். உலகமே கேட்கப் போகிற பாட்டை முதலில் கேட்டவர் அந்த ஒரே ஒருவர்தான்.

ஒரு சொல்லுக்கு அடி விழுந்த காலம்

'வந்தே மாதரம்' என்ற பாட்டு ரஹ்மான் காலத்தது இல்லை என்பது உங்களுக்கே தெரியும். பங்கிம் சந்திர சட்டர்ஜி எழுதியது. 1882இல் வெளியான 'ஆனந்தமடம்' என்ற அவருடைய வங்காள நாவலில் இந்தப் பாட்டு இருக்கிறது. 1896இல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் இதைப் பாடியவர் யார் தெரியுமா? ரவீந்திரநாத் தாகூர்! பின்னாளில் நம் தேசிய கீதமான 'ஜன கண மன'வை எழுதிய அதே தாகூர்தான்.

1905இல் ஆங்கிலேயர்கள் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மக்கள் கொதித்து எழுந்தார்கள். அப்போது இந்தப் பாட்டின் முதல் இரண்டு சொற்களே போராட்டக் கோஷமாக மாறிவிட்டன. 1906இல் பாரிசால் என்ற ஊரில் மாநாட்டுக்கு வந்தவர்கள் 'வந்தே மாதரம்' என்று முழங்கியதற்காகப் போலீஸ் தடியடி நடத்தியது. இரண்டே இரண்டு சொல்! அதற்கு மண்டை உடைந்தது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். பாரதியார் இந்தப் பாட்டைத் தமிழில் இரண்டு முறை மொழிபெயர்த்திருக்கிறார். ஒரு முறை செய்தது போதாது என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்! ஆங்கிலேயர்கள் கைது செய்துவிடுவார்கள் என்பதால் 1908இல் அவர் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கேயே இருந்தார். 1918 நவம்பர் 20ஆம் தேதி எல்லையைத் தாண்டி நம் கடலூர்ப் பக்கம் வந்ததும் கைது செய்யப்பட்டார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். குமராட்சியிலிருந்து சிதம்பரம் போய், அங்கிருந்து வடக்கே பஸ் பிடித்தால் அதே கடலூர்தான். இன்றைக்கு டிக்கெட் எடுத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சும்மா போய்வருகிறோம்.

சுதந்திரம் வந்தது. 1950 ஜனவரி 24ஆம் தேதி, 'ஜன கண மன' தேசிய கீதம் என்றும், 'வந்தே மாதர'த்துக்கும் அதற்குச் சமமான மரியாதை உண்டு என்றும் ராஜேந்திர பிரசாத் அறிவித்தார். அதன் பிறகு? பள்ளிக்கூட விழாவில் பாடுவோம், எழுந்து நிற்போம், உட்காருவோம். அவ்வளவுதான். அடி வாங்கிக் கொடுத்த பாட்டு, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்த பூ மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் ரஹ்மான் வந்தார். பழைய பாட்டை அப்படியே எடுத்துப் பாடவில்லை. அந்த இரண்டு சொற்களை மட்டும் உச்சத்தில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் புதிய வரிகளையும் புதிய மெட்டையும் போட்டார். இந்தி வரிகளை எழுதியவர் மெஹபூப். ஆல்பத்தில் பழைய பாட்டும் வேறு இசையோடு தனியாக இருக்கிறது.

இது எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். "வந்தே மாதரத்தை இப்படியா கத்திப் பாடுவது?" என்று முகம் சுளித்த பெரியவர்களும் உண்டு. எங்கள் மாமாவே அந்தக் கட்சிதான்! அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பாட வேண்டிய பாட்டு என்று சின்ன வயதிலிருந்து பழகியவர். ஆனால் என் வயதுப் பையன்கள் அதற்கு முன்பு யாரும் சொல்லாமல் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அந்த மாதம் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கத்தினோம்.

டி.வி. செய்த வேலை

சரி, டீக்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம். படம் இல்லாமல் பாட்டு எப்படி வந்தது? படம் இருந்தது! அது தியேட்டரில் ஓடாமல் டி.வி.யில் ஓடியது. மூன்று மணி நேரம் ஓடாமல் சில நிமிடம் ஓடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பரத்பாலாவும் அவருடைய மனைவி கனிகாவும் இந்தியாவில் பல இடங்களுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில் ரஹ்மானைப் பாட வைத்தார்கள். பாட்டில் வருபவர்கள் நடிகர்கள் இல்லை. சுருக்கம் விழுந்த தாத்தா, சிரிக்கும் குழந்தை, வெயிலில் நிற்கும் கிராமத்துப் பெண்கள் என்று வெறும் மனிதர்கள். பொன்விழா ஆண்டு என்பதால் டி.வி.யில் இந்தப் பாட்டு திரும்பத் திரும்ப வந்தது. கதாநாயகன் வேலையை டி.வி. செய்துவிட்டது!

இதற்கு முன்னால் நம் நாட்டில் இப்படி ஒரு முயற்சி நடக்கவில்லையா? நடந்தது. 1988 ஆகஸ்ட் 15ஆம் தேதி தூர்தர்ஷனில் 'மிலே சுர் மேரா துமாரா' என்ற பாட்டு ஒளிபரப்பானது. பல மொழிகளில் ஒரே கருத்து. பீம்சேன் ஜோஷி ஆரம்பிப்பார், தமிழுக்கு வரும்போது பாலமுரளிகிருஷ்ணா பாடுவார், கமல்ஹாசன் வந்து போவார். உங்கள் அப்பா அம்மாவிடம் அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அடுத்த நொடியே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அது ஒரே ஒரு பாட்டு. ரஹ்மான் கொடுத்ததோ ஒரு முழு ஆல்பம்.

டி.வி. நிகழ்ச்சியையும் இசைத்தட்டையும் ஜோடி சேர்க்கும் யோசனை வெளிநாட்டில் இன்னும் பழசு. அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்று ஒரு பாடகர் இருந்தார். அவர் மேடையில் ஏறினாலே ரசிகர்கள் அலறுவார்கள். 1973 ஜனவரி 14ஆம் தேதி ஹவாய்த் தீவில் ஹோனலூலு நகரில் அவர் ஒரு கச்சேரி செய்தார். அதைச் செயற்கைக்கோள் வழியாக ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள். அங்கே பாடப் பாட இங்கே பார்க்கலாம்! இன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச் பார்க்கும் உங்களுக்கு இது சாதாரணம். அன்றைக்கு அது அதிசயம். அதே பாடல்களை இரண்டு இசைத்தட்டுகளாக அடுத்த மாதமே கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது.

இன்னொரு நல்ல விஷயம். அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் விலை கிடையாது. கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள். 25 ஆயிரம் டாலர் சேர்ந்தால் போதும் என்று நினைத்தார்கள். 75 ஆயிரம் டாலர் சேர்ந்தது. முழுவதும் புற்றுநோய் நிதிக்குப் போனது.

அந்த நாளில் நம் ஊரில் யாராவது எல்விஸைப் பார்த்திருப்பார்களா? வாய்ப்பே இல்லை! அன்றைக்கு இந்தியாவில் டெல்லியிலும் மும்பையிலும்தான் டி.வி. நிலையம் இருந்தது. சென்னைக்கே 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் டி.வி. வந்தது. குமராட்சி டீக்கடையில் மூங்கில் கம்பு ஏறியதெல்லாம் அதற்கும் ரொம்பப் பின்னால். அதனால்தான் 1997இல் எங்களுக்கு அது புதுசாக இருந்தது.

ஆல்பத்தில் இன்னொரு குரலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நுஸ்ரத் ஃபதே அலி கான். பாகிஸ்தானைச் சேர்ந்த கவ்வாலிப் பாடகர். குண்டான உடம்பு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை வீசி வீசிப் பாடுவார். இந்தியாவின் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த ஆல்பத்தில் பாகிஸ்தான் பாடகர்! இருவரும் சேர்ந்து சமாதானத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். 1947இல் இரண்டு நாடுகளும் ஒரு நாள் இடைவெளியில்தானே பிறந்தன? பாகிஸ்தானுக்கும் அது 50ஆம் ஆண்டுதான். ஆனால் சோகம் என்ன தெரியுமா? பொன்விழா முடிந்த மறுநாள், 1997 ஆகஸ்ட் 16ஆம் தேதி, நுஸ்ரத் லண்டனில் காலமானார். அவருக்கு வயது 48தான்.

கடைக்காரருக்கு வந்த குழப்பம்

அந்த மாதக் கடைசியில் நான் சேர்த்து வைத்த காசோடு சிதம்பரத்துக்குக் கேசட் வாங்கப் போனேன். இப்போது உங்களில் பலர் கேசட்டைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இரண்டு சக்கரம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பழுப்பு நிற நாடா ஓடும். நாடாவின் மேல் பூசியிருக்கும் காந்தப் பொடியில்தான் பாட்டு பதிந்திருக்கும். ஒரு பக்கம் முடிந்தால் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும். என் கணக்கு நோட்டில் எழுதியதை விட அந்தப் பென்சில் நாடா சுற்றியதுதான் அதிகம்!

கடையில் ஒரு சுவர் முழுக்கச் சினிமாக் கேசட். இன்னொரு சுவரில் பக்திப் பாடல். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சீர்காழி. அந்த ஊரில் பிறந்த சீர்காழி கோவிந்தராஜன் பாடிய சாமிப் பாட்டுகளுக்குத் தனியாக ஒரு தட்டே இருந்தது. 'வந்தே மாதரம்' வேண்டும் என்றேன். கடைக்காரர் சினிமாப் பக்கம் தேடினார். ரஹ்மான் வரிசையில் 'ரோஜா' இருக்கிறது, 'பம்பாய்' இருக்கிறது, 'காதலன்' இருக்கிறது. இது மட்டும் இல்லை. கடைசியில் உள்ளேயிருந்து பையன் கத்தினான், "அண்ணே, அது சீர்காழி பக்கத்துல இருக்கு!"

படம் இல்லாத பாட்டு என்றால் அவர்களுக்கு ஒரே இடம்தான் தெரியும். முருகன் பாட்டுக்கும் பிள்ளையார் பாட்டுக்கும் நடுவில், பாலைவன வெயிலில் நின்றுகொண்டிருந்தார் ரஹ்மான். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "இதை எங்க வைக்கிறதுன்னே தெரியல தம்பி" என்றார்.

இந்தப் பாட்டின் படம் இன்றைக்கு இணையத்தில் கிடைக்கிறது. அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் பாருங்கள். அடுத்த முறை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாட்டை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து. படம் இல்லாமல் கேட்டபோது உங்கள் மனதில் என்ன படம் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாலைவனம் வந்ததா, அல்லது உங்கள் ஊர் வயல் வந்ததா?

எனக்கு இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் பாலைவனம் வருவதில்லை. கூரை மேல் ஒரு பையன் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே டீ ஆறிக்கொண்டிருக்கிறது. "தெரியுதா?" என்று அவன் கேட்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.